மீன் வண்டிக்கு ஃபைபர் தொட்டி: இரண்டு தடவை காசைக் கரைத்த பிறகு

எங்கள் வண்டி ஒன்பது அடி பாடி பிக்கப். 2021-இல் புதிதாக எடுத்தோம். தம்பி ஓட்டுகிறான், டீசல், தவணை, வசூல் எல்லாம் என் பொறுப்பு. திரேஸ்புரத்திலும் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்திலும் ஏலத்தில் எடுக்கும் மீனை ஐஸ் போட்டு நெல்லைக்குக் கொண்டுபோவோம், ஆர்டர் இருந்தால் மதுரைக்கும் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் வள்ளத்து மீன்தான் கிடைக்கும், அது வண்டியை நிரப்பாது. அதனால் அந்த இரண்டு மாதமும் உப்பளத்தில் மூட்டை ஏற்றுவோம். ஆக, பத்து மாதம் மீன் தண்ணீர், இரண்டு மாதம் உப்பு. ஒரு இரும்புத் தகட்டைக் கொல்ல வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தாலும் இதைவிட நல்ல வழி கிடைக்காது.

வண்டி எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. இந்த வேலைக்கு எந்தக் கம்பெனி இரும்பும் ஒன்றுதான். பின்பாடித் தரைக்கு மேல் என்ன போடுவது என்பதுதான் விஷயம். அதில் நான் இரண்டு தடவை ஏமாந்து, மூன்றாவதாக ஒரு ஃபைபர் படகு மேஸ்திரியிடம் தொட்டி செய்து வாங்கினேன். அந்தத் தொட்டி வந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன் நல்லது கெட்டதைச் சொல்லும் முன், அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு செலவு என்று கேட்பீர்கள்.

முதல் வருடம் ஒன்றுமே போடவில்லை. புது வண்டி, பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மீன் கிரேட்டை, அதாவது மீன் பெட்டியை, யாரும் தூக்கி வைப்பதில்லை, இழுத்துத்தான் தள்ளுவார்கள். இரண்டே மாதத்தில் தரை முழுக்கக் கோடு. கோடு விழுந்த இடமெல்லாம் மறுநாள் காலையில் மஞ்சளாக, அதற்கடுத்த வாரம் செம்மண் நிறமாக மாறியது. கடல் தண்ணீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மீனோடு வரும் தண்ணீரில் ஐஸ் உருகிக் கலப்பதால் உப்பு கொஞ்சம் குறையும். ஆனால் அது ஒருநாளும் முழுசாகக் காய்வதில்லை.

தடைக்காலத்தில் உப்பு மூட்டை ஏற்றியபோது, காய்ந்த சரக்குதானே, இரும்பு கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று நினைத்தேன். அது என் அறியாமை. அளத்திலிருந்து நேராக வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கும், அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூட்டையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், எப்போதும் நசநச என்றுதான் இருக்கும். தரை நனைந்தே கிடந்தது.

அதிகம் துருப்பிடித்த இடம் கேபினை ஒட்டிய முன் மூலை. பின்கதவுப் பக்கம்தானே தண்ணீர் ஓடும், ஏன் முன்னால் அரிக்கிறது என்று எனக்குப் புரியவேயில்லை. ஒருநாள் காலி வண்டியைக் கழுவும்போதுதான் கவனித்தேன். பட்டை வில் (லீஃப் ஸ்பிரிங்) போட்ட பிக்கப் எல்லாம் காலியாக நிற்கும்போது வால் தூக்கி, மூக்கு இறங்கித்தான் நிற்கும். லோடு ஏறிய பிறகுதான் சமமாகும், கூடுதல் ஏறினால் பின்பக்கம் இறங்கும். நாம் கழுவுவது காலி வண்டியை. கழுவிய தண்ணீர் முழுக்க முன்னால் போய்த் தேங்குகிறது, அதுவும் ராத்திரி முழுக்க. இதை நான் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு, கடைசியில் தொட்டிக்கு ஓட்டை போட்டபோது இதுதான் உதவியது.

2022-இல் ரப்பர் மேட் வாங்கினேன். மாட்டுத் தொழுவத்தில் போடும் கனமான கறுப்பு மேட், ஒன்று 2,400 ரூபாய் வீதம் இரண்டு. போட்ட அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். கிரேட் வழுக்கவில்லை, வல்லநாடு தாண்டி வேகத்தடையில் ஏறினாலும் கடகட சத்தம் இல்லை, ஏற்றுகிற பையன்கள் மண்டி போட்டாலும் முட்டி வலிக்கவில்லை. செங்கல், சிமெண்ட், தென்னை மட்டை ஏற்றுகிற வண்டிக்கு இதைவிட மலிவான நல்ல வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை. இன்றைக்கும் அதைத்தான் அவர்களுக்குச் சொல்வேன்.

எங்களுக்கு மட்டும் அது விஷம். மேட்டின் அடியில் வரிசையாகக் குமிழ் குமிழாக இருக்கும், தொழுவத்தில் மூத்திரம் ஓடுவதற்காக. அந்தக் குமிழ்களுக்கு நடுவே மீன் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டது. ஈரமான மேட்டைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், அதனால் தம்பி தூக்கவேயில்லை. மேலே தண்ணீர் அடித்து, சுத்தமாகத்தான் இருக்கிறது என்பான். ஆறாவது மாதம் நான் நின்றுகொண்டு தூக்கவைத்தேன். நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை, மீன் வியாபாரம் செய்கிற நானே மூக்கைப் பொத்தினேன். ஆனால் தரையைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது. மேட்டின் குமிழ் வரிசை அப்படியே துருப் புள்ளிகளாக அச்சடித்திருந்தது, கோலப்புள்ளி வைத்த மாதிரி. வண்டி குலுங்கக் குலுங்க ஒவ்வொரு குமிழும் தன் இடத்திலேயே பெயிண்டைத் தேய்த்திருக்கிறது.

பிறகு தம்பி, செக்கர் பிளேட், அதாவது மேலே புடைப்பு வைத்த தகடு, அடித்துவிடலாம் என்றான். எல்லா டிரைவர்களும் முதலில் சொல்வது அதுதான். மூன்று மில்லிமீட்டர் இரும்பு பிளேட், எங்கள் தரைக்கு ஏறத்தாழ 50 சதுர அடி. கணக்குப் போட்டால் 110 கிலோவுக்குக் குறையாது. அதாவது காலியாகப் போகும்போதும் மூன்று கிரேட் மீனைச் சும்மா சுமந்துகொண்டே போகிற மாதிரி. அது போகட்டும், பிளேட்டை வெல்டிங் வைத்த இடமெல்லாம் கீழே இருக்கும் பெயிண்ட் கருகிவிடும். இரண்டு இரும்புக்கும் நடுவே தண்ணீர் இறங்கினால் பார்க்கவும் முடியாது, கழுவவும் முடியாது. (யாராவது வெல்டிங் வைப்பதானால் முதலில் பாட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இப்போதைய வண்டிகளில் சென்சாரும் கம்ப்யூட்டரும் நிறைய, கரண்ட் தாறுமாறாகப் பாய்ந்தால் செலவு வேறு மாதிரி ஆகிவிடும்.)

அப்படியானால் அலுமினியம் செக்கர் பிளேட் போடுங்கள், அது துருப்பிடிக்காது என்று இன்னொருவர் சொன்னார். எடை மூன்றில் ஒரு பங்குதான், உண்மை. ஆனால் எங்கள் ஊரில் விசைப்படகு வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இதன் பதில் தெரியும். படகின் அடியில், காற்றாடி (புரொப்பெல்லர்) பக்கத்தில் சிங்க் (துத்தநாகம்) கட்டி பொருத்தி வைப்பார்கள். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டால் பாட்டரி மாதிரி ஆகி, ஒன்று கரைந்து மற்றதைக் காப்பாற்றும். படகில் சிங்க் கரைகிறது. வண்டியில் இரும்புமேல் அலுமினியத்தை போல்ட் போட்டு மீன் தண்ணீர் ஊற்றினால், கரையப்போவது நாம் காசு கொடுத்து வாங்கிய அலுமினியம்.

ஸ்பிரே லைனிங் பற்றியும் விசாரித்தேன். அமெரிக்காவில் ரைனோ, லைன்-எக்ஸ் என்றெல்லாம் பெயர் போட்டு அடிக்கிறார்களே, அந்த வகை. இரண்டு திரவத்தைச் சூடாக்கி, அதிக அழுத்தத்தில் துப்பாக்கி நுனியில் கலந்து அடிப்பார்கள். அடித்த சில நொடியிலேயே இறுகிவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில், சொரசொரப்பான கறுப்புத் தோல் மாதிரி தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் இடைவெளியே இல்லாததால் தண்ணீர் போய் உட்கார இடமில்லை. கோவையில் ஒரு இடத்தில் 28,000 ரூபாய் சொன்னார்கள். வண்டியை இரண்டு நாள் விட வேண்டும். போன் போட்டபோதே, "தரையில துரு இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். அப்படியானால் முழுக்க மணலடித்து வெள்ளை இரும்பாக்கிய பிறகுதான் அடிப்போம், அதற்குத் தனிக் காசு என்றார்கள். நேர்மையான பதில்தான். வண்டி ஷோரூமிலிருந்து வந்த வாரமே போயிருந்தால் நான் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கவே மாட்டேன். புது வண்டி எடுக்கிறவர்கள், முதல் கிரேட் ஏறும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். நான் அடித்துப் பார்க்காததால் மதிப்பெண் கொடுக்க முடியாது.

இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளுக்கு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் தொட்டி உண்டு, அப்படியே இறக்கி வைக்கலாம். நம் லோடு வண்டிக்கு அந்த அளவில் எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, ஃபைபருக்கு வருகிறேன். 2023-இல் முதல் ஃபைபர். வண்டிக்கு பாடி வேலை செய்கிற ஒரு பட்டறையில், இரும்புத் தரைமேலேயே நேராகக் கண்ணாடி நார் மேட்டை விரித்து ரெசின் என்ற பிசினைப் பூசிக் கொடுத்தார்கள். 9,000 ரூபாய், மூன்று நாள் வேலை. துருவை மேலாக பிரஷ் போட்டுத் தேய்த்ததோடு சரி. வெள்ளைவெளேர் என்று குளியலறை மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை, பக்கத்து வண்டிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஐந்தாவது மாதம் தரையில் நடந்தால் டொக் டொக் என்று சத்தம் வந்தது. நெஞ்சில் கை வைத்தது போல் ஆகிவிட்டது. ஸ்குரூடிரைவர் நுனியைக் கொடுத்து நெம்பினேன், அப்பளம் மாதிரி ஒரு முழத்துக்குப் பெயர்ந்து வந்தது. அடியில் செம்பழுப்பு மாவு. துரு என்பது இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது ஊதி ஊதி ஃபைபரை மேலே தள்ளியிருக்கிறது. பட்டறையில் போய்க் கேட்டேன். "ஓவர்லோடு ஏத்திருப்பிய" என்றார்கள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

படகு மேஸ்திரியிடம் போனது என் வீட்டுக்காரர் சொல்லித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுக்க ஃபைபர் படகு பெருகிவிட்டது. அதனால் ஃபைபர் வேலை தெரிந்த கைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வண்டிக்காரர்கள் வண்டிப் பட்டறைக்குப் போகிறார்கள், படகுக்காரர்கள் படகுக்கொட்டகைக்குப் போகிறார்கள், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கேட்பதில்லை. மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். பெயர்ந்த துண்டைக் கையில் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார்.

"இரும்பு மேல யாரும்மா இத ஒட்டுனது? மரத்துல ஒட்டும். பழைய ஃபைபர்ல ஒட்டும். இரும்புல ஒட்டுன மாதிரி நிக்கும், ஒட்டாது."

"அப்போ என்னண்ணே பண்ணணும்?"

"ஒட்டவே வேண்டாம். படகு மாதிரி தனியா ஒண்ணு செஞ்சு உள்ள வச்சிருவோம். வேணும்னா தூக்கிக்கிடலாம்."

எனக்கு உடனே ரப்பர் மேட் ஞாபகம்தான் வந்தது. தனியாக வைத்தால் அடியில் மறுபடியும் தண்ணீர் போகுமே என்றேன். "போவும். போவாம இருக்க இது என்ன கப்பலா? போன தண்ணி நிக்காம ஓடணும். நீங்க தூக்கிக் கழுவணும். அது முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. தண்ணீர் போகவே போகாது என்று முந்தைய பட்டறையில் சத்தியம் பண்ணினார்கள்.

அளவெடுக்க வந்தபோது நான் நான்கு காலி கிரேட்டைக் கொண்டுவந்து குறுக்கே அடுக்கி வைத்தேன். பாடி அகலம் 5 அடி 7 அங்குலம், கிரேட் நாலும் சேர்ந்தால் 5 அடி 3 அங்குலம். மிச்சம் நான்கே அங்குலம். தொட்டியின் சுவர் இரண்டு பக்கமும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசைக்கு ஒரு கிரேட் குறையும், வண்டியே நஷ்டம். எதைச் செய்தாலும் டேப்பை மட்டும் நம்பாதீர்கள், ஏற்றுகிற சாமானையே கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

பிளைவுட்டில் ஒரு பெட்டி செய்து அதன்மேல் வழவழப்பான சன்மைக்கா ஒட்டி, கவிழ்த்து வைத்தார். அதுதான் அச்சு. மெழுகு தேய்த்து, முதலில் ஜெல்கோட் என்ற வழவழப்பான மேல்பூச்சு, அப்புறம் சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி நார் மேட் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று, நடுவே ரோவிங் என்ற நெய்த நார்த்துணி ஒன்று. ஒரு மேட்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். சுவருக்கு இரண்டு மேட் போதும் என்றார். உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுவதுதான் முக்கால்வாசி வேலை. அங்கேதான் பட்டறைக்காரனுக்கும் படகுக்காரனுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. ஒரு குமிழ் தென்பட்டால் பையனைத் திட்டித் தீர்த்துவிட்டார். ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலந்தால் வெடித்துத் தீப்பிடிக்குமாம், அதனால் இரண்டையும் கொட்டகையின் இரண்டு மூலையில் வைத்திருந்தார். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு மூன்று நாள் கை அரித்தது, ஃபைபர் தூசி. நீங்கள் தள்ளி நின்று பாருங்கள்.

அடிப்பக்கம்தான் இந்தத் தொட்டியின் சூட்சுமம். பிவிசி பைப்பை நீளவாக்கில் பிளந்து, அரைவட்டமாகக் கவிழ்த்து, அதன்மேல் ஃபைபர் போட்டு ஐந்து விலா எலும்பு வைத்தார். எல்லாம் முன்னிருந்து பின்னாக ஓடுகின்றன. குறுக்கே வைத்தால் தண்ணீர் அங்கங்கே அணை கட்டி நிற்கும். விலாவுக்கு அடியில் பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டினார், இரும்பைத் தேய்க்காமல் இருக்க. இப்படித் தொட்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்து நிற்கிறது, அடியில் காற்று ஓடுகிறது. பழைய துருத் தரையை நாங்கள் கிரைண்டர் போட்டு இரண்டு நாள் தேய்த்து, எபாக்சி பிரைமரும் பெயிண்டும் அடித்தோம். அது தனியாக 3,800 ரூபாய்.

தண்ணீர் போக்குக்கு மேஸ்திரி பின்மூலையில் ஒரு துவாரம் என்றார். படகில் அப்படித்தானே. அங்கேதான் நான் என் வால் தூக்கும் கதையைச் சொன்னேன். வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். முன் வலதுமூலையில் ஒன்று, பின் இடதுமூலையில் ஒன்று என்று இரண்டு வைத்தோம். பின்னால் இருப்பதற்கு திறந்து மூடும் வால்வும் ஒரு ஹோஸும் உண்டு, அடியில் தொங்கும் 20 லிட்டர் கேனில் விழும். மீன் தண்ணீரை ரோட்டில் சொட்டவிட்டுக்கொண்டு போனால் பின்னால் வருகிற பைக்குக்காரன் வழுக்கி விழுவான். முன்பெல்லாம் வாகைகுளம் பக்கம் எங்களை நிறுத்தித் திட்டியிருக்கிறார்கள், திட்டியதில் தப்பில்லை. கேன் வைத்த பிறகு அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

தொட்டியைப் பிடித்து நிறுத்த நான்கு ஸ்டீல் கொக்கி. சாதாரண 304 ஸ்டீல் போதாது, 316 வாங்கி வாருங்கள் என்றார். அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்புக்குத் தாங்கும். கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிப் பார்த்தார், நான் கேட்கவில்லை. தொட்டியின் எடை, ஏலக்கூடத்துத் தராசில் ஏற்றிப் பார்த்தது, 68 கிலோ. மொத்தக் கூலியும் சாமானும் 21,500 ரூபாய். ஆறு நாள் வேலை, பத்து நாள் வெயில்.

அந்தப் பத்து நாளில்தான் நான் அவசரப்பட்டேன். "வாடை போறவரைக்கும் மீன் ஏத்தாதிய" என்று படித்துப் படித்துச் சொன்னார். நான்காம் நாள் நல்ல சாளை மீன் வந்தது, விலை குறைவு, விட மனசில்லை. ஏற்றிவிட்டேன். நெல்லையிலிருந்து மத்தியானம் போன். "என்னக்கா, மீனு பெயிண்ட் அடிச்ச மாதிரி வாடை வருது?" ரெசினில் ஸ்டைரீன் என்று ஒன்று இருக்கிறது, அது ஆவியாகி முடியும்வரை சுற்றி இருக்கும் எதிலும் ஏறிக்கொள்ளும். மீன் கொழுப்புக்கு அது பிடித்தமான வாடை போலிருக்கிறது. அன்றைய லோடில் பாதிக் காசுதான் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. பிறகு சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, பத்து நாளுக்குப் பதில் பன்னிரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த தொல்லை வழுக்கல். ஜெல்கோட் தரை அத்தனை வழவழப்பு. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் செதிலும் சேர்ந்தால் நிற்கவே முடியாது. ஏற்றுகிற பையன் ஒருவன் கிரேட்டோடு உட்கார்ந்துவிட்டான், நல்லவேளை அடிபடவில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, நடுவில் மட்டும் இரண்டடி அகலத்துக்கு ரெசின் பூசி, அது இறுகும் முன் சலித்த மணலைத் தூவினோம். தரை முழுக்கத் தூவலாம் என்று தம்பி சொன்னான், நான் வேண்டாம் என்றேன். மணல் தரையில் கிரேட்டை இழுத்தால் கிரேட்டின் அடி தேயும், தவிர செதில் சிக்கிக்கொண்டால் கழுவ முடியாது. ஆள் நடக்கும் இடத்துக்கு மணல், கிரேட் நிற்கும் இடத்துக்கு வழவழப்பு. இப்போது யாரும் விழுவதில்லை.

இனி இன்றைய நிலவரம். மாதம் ஒருமுறை கொக்கியைக் கழற்றி, இரண்டு பேர் பின்பக்கத்தைத் தூக்க, மூன்றாவது ஆள் கட்டையை முட்டுக்கொடுத்து, அடியில் ஹோஸ் பிடிக்கிறோம். அரைமணி நேர வேலை. நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரே உப்பு, அதை வைத்துக் கழுவினால் கழுவாமல் இருப்பதே மேல். அதற்கென்று ஒரு டிரம் நல்ல தண்ணீர் எடுத்து வைக்கிறேன். அடியில் பெயிண்ட் இன்னும் சாம்பல் நிறமாகவே இருக்கிறது, முன்மூலையில் மட்டும் பழைய துரு இருந்த இடத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பொரிந்திருக்கிறது. அதைச் சுரண்டி மறுபடி பூசினோம்.

குறைகள் இருக்கின்றன. பின் உதடு, அதாவது கிரேட்டை உள்ளே தள்ளும் விளிம்பு, அங்கங்கே உடைந்து நார் தெரிகிறது. அங்கே ஒரு ஸ்டீல் பட்டை மடித்துப் போட்டிருக்க வேண்டும், செய்யும்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பின் இடதுமூலையில் மயிரிழை விரிசல் நாலைந்து; ஐஸ் பாரை மேலேயிருந்து போட்டுப் போட்டு வந்தது. உப்பு மூட்டைக்கு இந்தத் தொட்டி அவ்வளவு பொருத்தமில்லை, மூட்டை சறுக்குகிறது, பழைய ரப்பர் மேட் ஒன்றைச் சுத்தம் செய்து அந்த இரண்டு மாதமும் மேலே விரித்துக்கொள்கிறேன். செங்கலோ ஜல்லியோ ஏற்றுவதானால் இதைச் செய்யவே செய்யாதீர்கள், ஒரு மாதத்தில் ஜெல்கோட் காணாமல் போகும். வீட்டு வேலைக்கு என்று அண்ணன் ஒருநாள் மணல் ஏற்றக் கேட்டார், முகத்தைப் பார்த்துக்கொண்டே மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

யாராவது இதே மாதிரி செய்வதானால் தடைக்காலத்தில் மேஸ்திரியைத் தேடிப் போகாதீர்கள். படகெல்லாம் கரையில் ஏறி நிற்கும், எல்லோரும் அப்போதுதான் பழுது பார்ப்பார்கள், உங்கள் வண்டி வரிசையில் கடைசி. ஐப்பசி கார்த்திகை மழையிலும் வேண்டாம், ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாது. தை பிறந்த பிறகு பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். எனக்கு 2024 பிப்ரவரியில் முடிந்தது, அது தானாக அமைந்தது.

விரிசல் படத்தை மேஸ்திரிக்கு அனுப்பினேன். வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். இரண்டு நாள் முன்னாலேயே தொட்டியை இறக்கிக் காயவைக்க வேண்டும், ஈரம் இருந்தால் கை வைக்க மாட்டாராம். சாமானுக்கு மட்டும் காசு, கூலி வேண்டாம் என்றார். ஐஸ் பாரைப் போடாமல் இறக்கி வைக்கச் சொல்லுங்கள் என்று தம்பிக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். அவன் அதற்குப் பதில் போடவில்லை, தொட்டிக்கு வெளியே படகு மாதிரி நீலக்கலர் அடிக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறான்.